பிட்டுக்குழலுக்குள் கேண்டி க்ரஷ் போகாது

மட்டக்களப்பான் எண்டு சொன்னதும் கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் கேட்கிற முதல் பகிடி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். “உங்கட ஊருக்கு வந்தா பாயோட ஒட்ட வச்சிருவீங்களாமே?” நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்போம். இனி அப்படிக் கேட்கிறவர்களிடம் திருப்பிக் கேட்க எங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கட போனில, கொம்பியூட்டரில கேண்டி க்ரஷ் இருக்கா? இருந்தால், ஆளை ஒட்ட வைக்கிற வித்தை எந்த ஊர்க்காரனுக்குத் தெரியும் எண்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை ஒரு சண்டையில் தொடங்கியது. எங்கட வாசிப்புக் கூட்டத்துக்கு வருகிற, மென்பொருள் படிக்கிற நண்பன் ஒருவன் ஒரு யோசனையோடு வந்தான். கணினியில் விளையாடக்கூடிய ஒரு சின்ன விளையாட்டு. கேண்டி க்ரஷ் மாதிரியேதான், ஆனால் மிட்டாய்க்குப் பதிலாக எங்கட சாப்பாடு. மூன்று மஸ்கட் துண்டு சேர்ந்தால் மறையும். மூன்று தயிர்ச்சட்டி சேர்ந்தால் உடையும். நாலு நண்டு சேர்ந்தால் வரிசையே காலி. பின்னால் கல்லடிப் பாலம். வென்றால் வாவியில் மீன் பாடும். பெயரும் வைத்துவிட்டான்: ‘மட்டு க்ரஷ்’. “எங்கட பண்பாட்ட உலகத்துக்குக் கொண்டு போறம் மச்சான்” எண்டான்.

எங்களில் பாதிப் பேர் கை தட்டினோம். மீதிப் பேர் தட்டவில்லை. அன்றிரவு பன்னிரண்டு மணி வரை கத்தினோம். பிறகு மூன்று வாரம் தேடித் தேடி வாசித்தோம், சிலர் பழைய கணக்கைத் திறந்து மறுகாவும் விளையாடிப் பார்த்தோம். ஓம், நாங்களும் விளையாடினவர்கள்தான். முந்நூறாவது கட்டம் தாண்டினவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதனால் இது மேடையில் நின்று செய்கிற உபதேசம் இல்லை. பாயில் ஒட்டிக் கிடந்தவர்கள் எழும்பி நின்று எழுதுவது.

முதலில் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது எண்டு பார்ப்போம். 1994இல் ரஷ்யாவில் எவ்கெனி அலெம்ஜின் என்பவர் ‘ஷாரிகி’ எண்டு ஒரு கணினி விளையாட்டைச் செய்தார். பக்கத்துப் பக்கத்துப் பந்துகளை இடம் மாற்றி, ஒரே நிறத்தில் மூன்று சேர்த்தால் மறைந்துவிடும். 2001இல் அமெரிக்காவின் பொப்கெப் நிறுவனம் பந்துகளை இரத்தினக் கற்களாக்கி ‘பிஜுவல்ட்’ எண்டு விட்டது. பிறகு ஸ்வீடனில் தொடங்கிய கிங் நிறுவனம் கற்களை மிட்டாயாக்கியது. கேண்டி க்ரஷ் சாகா 2012 ஏப்ரலில் பேஸ்புக்குக்கும், அதே வருடம் நவம்பரில் போனுக்கும் வந்தது. 2015இல் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10ஐ வெளியிட்டபோது, யாரும் கேட்காமலே கணினிக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இயங்குதளம் புதிதாக்கி முடிந்து திரை திறக்கும்போது வாசலில் மிட்டாய் நிற்கும்.

பந்து கல்லானது, கல் மிட்டாயானது. இப்போது எங்கட நண்பன் மிட்டாயை மஸ்கட்டாக்கப் போகிறான். இதில் எந்தக் கட்டத்திலும் விதி பெரிதாக மாறவில்லை. மாறினது தோல் மட்டும்தான்.

ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் எடுப்பதை நாங்கள் குற்றம் எண்டு சொல்ல வரவில்லை. கூத்தும் கதையும் அப்படி எடுத்தெடுத்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன. எடுத்தவன் வேலி போடும்போதுதான் பிரச்சினை. கிங் நிறுவனம் ‘கேண்டி’ என்ற சொல்லையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய அமெரிக்காவில் விண்ணப்பித்தது. 2014 ஜனவரியில் அது வெளியே வந்து உலகம் முழுக்கச் சிறு விளையாட்டுக்காரர்கள் கொதித்தெழ, பெப்ரவரியில் அந்த அமெரிக்க விண்ணப்பத்தைக் கைவிட்டது. கேண்டி க்ரஷுக்கு முன்னமே, 2010இல், இறந்துபோன தன் தாயின் நினைவாக ‘கேண்டிஸ்வைப்’ எண்டு ஒரு விளையாட்டைச் செய்தவர் ஆல்பர்ட் ரான்சம். தன் விளையாட்டின் பெயருக்கே ஆபத்து வந்துவிட்டது எண்டு அவர் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது. ‘சாகா’ என்ற சொல்லுக்காக ‘தி பேனர் சாகா’ செய்த சிறிய குழுவோடும் கிங் மல்லுக்கட்டியது. 2014 ஏப்ரலில் இரண்டு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன.

கேண்டி என்ற சொல்லின் ஊர் எது தெரியுமா? துண்டு எண்டு பொருள்படும் ‘கண்ட’ என்ற சமஸ்கிருதச் சொல், பாரசீகத்தில் ‘கந்த்’ ஆகி, அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ‘கேண்டி’ ஆனது. எங்கட கடையில் கண்ணாடிப் போத்தலுக்குள் கிடக்கிற கற்கண்டும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கத் தெரிந்த எங்கட பக்கத்து உலகத்திலிருந்து போன சொல்லுக்கு, ஸ்டொக்ஹோமிலும் லண்டனிலும் இருந்து உறுதி எழுதப் பார்த்தார்கள். காணிப் பிரச்சினை எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் சொல்லுக்கும் வேலி போடலாம் எண்டு அப்போதுதான் படித்தோம்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் விற்கப்படுவது மிட்டாய் எண்டு நினைத்தால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்திலேயே நிற்கிறீர்கள். விற்கப்படுவது காத்திருப்பு.

உங்களுக்கு ஐந்து உயிர். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்ப முப்பது நிமிடம். ஐந்தும் போனால் காத்திருக்க வேண்டும், அல்லது பேஸ்புக்கில் நண்பர்களிடம் உயிர் கேட்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். 2015 ஒக்டோபரில் மார்க் ஸக்கர்பெர்க் டெல்லி ஐஐடியில் மாணவர்களோடு கதைத்தபோது முன்னுக்கு வந்த கேள்விகளில் ஒன்று, ‘இந்தக் கேண்டி க்ரஷ் அழைப்புகளை எப்படி நிறுத்துவது?’ என்பதுதான். அவ்வளவு தூரம் ஊர் முழுக்க ஆள் ஆளிடம் உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டிருந்தோம்.

உயிர் என்ற சொல்லை எங்கட ஊரில் லேசாகச் சொல்ல ஏலாது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும், 2004இல் கடல் வந்த காலையிலும், 2019இல் சீயோன் தேவாலயத்திலும் போன உயிர்களுக்கு முப்பது நிமிடக் கடிகாரம் ஏதும் இல்லை. ஒரு விளையாட்டுச் சொல்லை இப்படித் தூக்கிப் பிடிப்பது அநியாயம் எண்டு உங்களில் சிலர் சொல்லலாம். இருக்கட்டும். உயிர் திரும்பி வரும் எண்டு ஒரு பெட்டி தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, திரும்பி வராதவர்களுக்காக இன்னும் படத்தோடு தெருவில் நிற்கிற அம்மாமார் எங்களுக்கு ஞாபகம் வருகிறார்கள். அதை மறைத்து எழுத எங்களுக்குத் தெரியாது.

தோற்கப் போகும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இன்னும் ஒரே ஒரு நகர்த்தல் இருந்தால் வென்றுவிடலாம் என்ற இடத்தில் முடியும். உடனே ஒரு பெட்டி வரும்: ‘இன்னும் ஐந்து நகர்த்தல் வேணுமா?’ கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைத்தான் எழுதினார்கள். கேண்டி க்ரஷில் மயிரிழையில் தோற்கிறபோது எரிச்சலும் கூடுகிறது, தொடர்ந்து விளையாடும் உந்தலும் கூடுகிறது. சூதாட்ட இயந்திரத்தை வைத்து முன்னமே கண்டுபிடித்த அதே விசயம். வித்தியாசம் என்னவென்றால் சூதாட்ட இயந்திரம் எப்போதாவது காசு திருப்பித் தரும். இது “ஸ்வீட்!” எண்டு மட்டும் சொல்லும்.

2014இல் பங்குச்சந்தைக்குப் போனபோது கிங் கொடுத்த கணக்கின்படி, விளையாடுகிறவர்களில் காசு கட்டுகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் நாலு பேர்தான். 2013இல் அந்த நாலு பேரின் கையிலிருந்துதான் பெரும்பங்கு வருமானம்: மொத்தம் 188 கோடி டொலருக்கு மேல். மற்றத் தொண்ணூற்றாறு பேரும் சந்தையில் கூட்டம் காட்ட நிற்கிற ஆட்கள். 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் கிட்டத்தட்ட 6,900 கோடி டொலருக்கு அக்டிவிஷன் ப்ளிசார்டை வாங்கியபோது கிங்கும் கேண்டி க்ரஷும் அதோடு சேர்ந்தே போயின. 2025 ஜூலையில் கிங்கில் சுமார் 200 பேர் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார்கள் எண்டு செய்தி வந்தது. அவர்களில் சிலர் தாங்களே செய்து கொடுத்த செயற்கை அறிவுக் கருவிகளிடம் வேலையைப் பறிகொடுத்தார்கள் எண்டும் எழுதப்பட்டது. மூன்று சேர்ந்தால் மறைவது திரையில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

இப்போது எங்கட பக்கத்து ஆட்களோடும் ஒரு சண்டை இருக்கிறது.

இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே பெண்களைத்தான் திட்டுவார்கள். “அடுப்பில சோறு கருகுது, இவ போனில மிட்டாய் உடைக்கிறா.” இலக்கியக் கூட்டத்தில் கூட இந்தப் பகிடியைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். 2014இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் இருந்துகொண்டே கேண்டி க்ரஷ் விளையாடிப் பிடிபட்ட உறுப்பினர் நைஜல் மில்ஸ் ஓர் ஆண். 2023 ஜூனில் விமானத்தில் டோனி கேண்டி க்ரஷ் விளையாடுகிற காணொளி வந்தபோது எங்கட பெடியன்கள் “தல எவ்வளவு சிம்பிள்” எண்டு உருகினார்கள். தல விளையாடினால் எளிமை, மாமி விளையாடினால் சோம்பலா?

எங்களில் ஒருத்தியின் மாமி படுவான்கரையில் இருக்கிறா. விடியக் காலையில் பிட்டு அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறா. கிழமைக்கு ஒரு நாள் குழுக்கடன் கட்டவேண்டும். இரவு எல்லாரும் படுத்த பிறகு கேண்டி க்ரஷ் விளையாடுவா. ஏன் மாமி எண்டு கேட்டதற்கு அவ சொன்னது: “ஒருத்தரும் என்னக் கூப்பிடாம இரிக்கிறது இதுக்குள்ள இரிக்கக்குள்ளதான் மகள்.”

இதைக் கேட்ட பிறகு மாமியைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. அவ விளையாடுவது மடத்தனமும் இல்லை. அவுஸ்திரேலியாவின் கணினி அறிஞர் டோபி வோல்ஷ் 2014இல் நிறுவிக் காட்டியபடி, கேண்டி க்ரஷ் கணினிக்கே விரைவாகத் தீர்க்க வழி தெரியாத கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது. மாமி தினமும் இரவில் அந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறா. எங்கட கோபம் எல்லாம், அந்தப் பத்து நிமிடத் தனிமையையும் கண்டுபிடித்து, அதற்கும் மீட்டர் பூட்டினவர்கள் மீதுதான். அவவுக்கு வேறு எந்த விளையாட்டையும் விட்டு வைக்காத எங்கட ஊர் மீதும்தான்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் நாடு கடன் கட்ட ஏலாது எண்டு கைவிரித்தது. மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற எங்கட கையில் என்ன இருந்தது? சீனியில்லாத தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, திரை நிறையச் சீனி உடைத்தோம். வெளியே ஒரு காத்திருப்பு, உள்ளே ஒரு காத்திருப்பு. வெளியே உள்ளதுக்கு யார் பொறுப்பு எண்டு கேட்க வேண்டிய நேரத்தில் உள்ளே உள்ளது எங்களை மெல்லத் தடவிக் கொடுத்தது.

இனி ‘மட்டு க்ரஷ்’ விசயம். நண்பனிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: தயிர்ச்சட்டியை உடைத்தால் புள்ளி வரும் எண்டு வைக்கிறாயே, அந்தத் தயிருக்குப் பால் தருகிற மாடு எங்க மேயுது எண்டு தெரியுமா? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அதற்கு எங்களில் எத்தனை பேர் போனோம்? மேய்ச்சல் தரை பறிபோகும் ஊரில் தயிர்ச்சட்டியை வெறும் சித்திரமாக்கி ஆளுக்கொரு திரையில் உடைப்பதைப் பண்பாடு எண்டு சொல்ல எங்களுக்கு வாய் கூசுகிறது.

அடுத்தது விதி. ஒரு விளையாட்டின் கருத்து அதன் படத்தில் இருப்பதில்லை, விதியில் இருக்கிறது. மூன்று சேர்த்தால் மறையும் விளையாட்டின் விதி என்ன? ஒரே நிறம் ஒரே நிறத்தோடு சேர வேண்டும். சேர்ந்தால் அழிய வேண்டும். கலந்து கிடப்பது குப்பை. பலகையைச் ‘சுத்தம்’ செய்தால் வெற்றி. இந்தத் தீவில் ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு சேர்க்கிறோம் எண்டு கிளம்பினவர்கள் ஊரைச் ‘சுத்தம்’ செய்த கதை எங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது.

இங்கே தமிழரும் முஸ்லிம்களும் எப்படி வாழ்ந்தோம் எண்டு கேட்டால் எந்தக் கிழவனும் கிழவியும் சொல்வது ஒன்றே ஒன்று: பிட்டும் தேங்காய்ப்பூவும் போல. குழலுக்குள் ஒரு கை மா, ஒரு கை தேங்காய்ப்பூ, மறுகா ஒரு கை மா. ஒன்று மற்றதாக மாறுவதில்லை. ஒன்று மற்றதை அழிப்பதும் இல்லை. தேங்காய்ப்பூ இல்லாவிட்டால் மா கட்டிபட்டுப் போகும், மா இல்லாவிட்டால் பிட்டே இல்லை. அந்த உவமையும் பல தடவை இரத்தத்தில் நனைந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். மேடையில் அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய் மற்றவன் கடையில் வாங்காதே எண்டு சொல்கிறவர்களையும் தெரியும். ஆனாலும் அந்த விதி எங்களுடையது. பிட்டுப் படத்தை மூன்று மூன்றாகச் சேர்த்து அழிக்கச் சொல்கிற விளையாட்டு, பிட்டு எங்களுக்குச் சொல்லித் தந்ததை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கிறது.

சாப்பாட்டை வைத்து விளையாட எங்களுக்குத் தெரியாது எண்டும் இல்லை. கண்ணகி வழிபாட்டோடு வந்த போர்த்தேங்காய் இருக்கிறதே, தேங்காயோடு தேங்காயை மோதி உடைக்கிற ஆட்டம், அதைவிடப் பெரிய ‘க்ரஷ்’ எங்க இருக்கு? கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி எண்டு ஊரே இரண்டாகப் பிரிந்து, கொளுவின கொம்பை இழுக்கும். ஒரு கொம்பு முறியும். வசையும் பாடுவார்கள். பிறகு ஊர் மறுகாவும் ஒரே ஊராகும். தோற்ற சேரி உயிர் வாங்கக் காசு கட்டுவதில்லை. அந்த ஆட்டங்களைத் தலையில் தூக்கி வைக்கவும் நாங்கள் வரவில்லை. கொம்பை இழுப்பது ஆண்கள்தான், மாமிக்கு அங்கே வேலை வேடிக்கை பார்ப்பதும் பொங்குவதும்தான். அவ கேண்டி க்ரஷுக்குள் போய் ஒளித்ததற்கு அந்த வேலியும் ஒரு காரணம்.

நண்பன் கேட்டான்: “நீங்க சொல்லுற மாதிரிச் செய்தா ஆர் மச்சான் விளையாடுவான்? டவுன்லோட் வராது.” நியாயமான கேள்வி. பதினையாயிரம் கட்டங்களுக்கு மேல் வைத்திருக்கிற யந்திரத்தோடு எங்களால் போட்டி போட ஏலாது. அதனாலதான் போட்டி போடாதே எண்டு சொல்கிறோம். அவங்கட விதியில் விளையாடினால் அவங்கதான் வெல்வாங்க. உனக்கு மிஞ்சப் போவது ஒரு மலிவுப் பிரதியும், ‘பண்பாட்டு விளையாட்டு’ எண்டு ஒரு சான்றிதழும்.

நாங்கள் சொல்வது இவ்வளவுதான். விளையாடுகிறவர்களைப் பகிடி பண்ணாதீர்கள், முக்கியமாக உங்கட வீட்டுப் பெண்களை. உயிருக்கும் நகர்த்தலுக்கும் ஒரு சதமும் கட்டாதீர்கள். உயிர் முடிந்தால் அது விளையாட்டு முடிந்தது எண்டு அர்த்தம், போனை வைத்துவிட்டுப் படுங்கள். விளையாட்டுச் செய்யத் தெரிந்தவர்கள் தோலை மாற்றுவதை விட்டு விதியைச் செய்யுங்கள். அதில் உயிர் எண்ணாதீர்கள், கடிகாரம் பூட்டாதீர்கள், டேட்டா இல்லாத படுவான்கரை வீட்டிலும் ஓடட்டும். எப்போது வேணுமானாலும் நிறுத்திவிட்டு எழும்பிப் போகிற உரிமை விளையாடுகிறவரிடம் இருக்கட்டும். பாயில் ஒட்ட வைக்காத விளையாட்டைச் செய்து காட்டுவோம், அந்தப் பழைய பகிடிக்கும் அதுதான் பதில்.

போன ஞாயிறு நண்பன் மறுகாவும் வந்தான். ‘மட்டு க்ரஷ்’ஷைக் கைவிட்டானா எண்டு கேட்டோம், பதில் சொல்லவில்லை. கொப்பி ஒற்றையில் ஒரு பிட்டுக்குழல் கீறிக் கொண்டு வந்திருந்தான். இரண்டு பேர், ஒருத்தர் கையில் மா, மற்றவர் கையில் தேங்காய்ப்பூ. ஒருத்தர் தனியாக நிரப்பினால் குழல் அடைத்து இரண்டு பேரும் தோற்பார்கள். சிப்பியும் புளியங்கொட்டையும் வைத்துத் தரையில் விளையாடிப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் அவ்வளவு நல்லாயில்லை. மூன்றாம் சுற்றிலேயே அலுத்துப் போச்சு. விதியில் எங்கேயோ பிழை. மாமியிடம் கொண்டு போய்க் காட்டினோம். பார்த்துவிட்டு, “தண்ணி தெளிக்கிறது எங்க? மாவக் குழைக்காம குழலுக்குள்ள போட்டா அவியுமா?” எண்டு கேட்டா.

அதுதான் பிழை. மூன்றாவது ஒரு கை வேணும். அடுத்த கூட்டத்துக்கு மாமியும் வாறா. நீங்களும் வாங்கோ, வரக்குள்ள புளியங்கொட்டை கொண்டு வாங்கோ.